மூன்று கற்களும் ஒரு பானையும்: பலரின் பசியாற்றிய எளிய உணவின் வரலாறு

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு, ரமலான் மாதம். பத்ருக் களத்தின் அருகே குறைஷியருக்குத் தண்ணீர் சுமந்துவந்த இருவர் முஸ்லிம்களிடம் பிடிபட்டனர். எதிரணியில் எத்தனை பேர் என்று வினவியபோது, அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: நாளொன்றுக்கு எத்தனை ஒட்டகங்களை அறுக்கின்றனர்? ஒரு நாள் ஒன்பது, மறுநாள் பத்து என்று விடை வந்தது. வந்திருப்போர் தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரம் பேர் என்று நபி (ஸல்) அவர்கள் அக்கணமே கணித்துவிட்டார்கள்.

நூறு பேருக்கு ஓர் ஒட்டகம். பாலைவழிப் பயணத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்திருந்த கணக்கு இது. திறந்த வெளியில், காற்றும் மணலும் சூழ்ந்த இடத்தில், பெருங்கூட்டத்திற்குச் சமைப்பது அன்றைய வாழ்வின் அன்றாடப் பணி. படையோ, வணிகக் கூட்டமோ, ஹஜ்ஜுப் பயணமோ, எதுவானாலும் மாலையில் கற்கள் கூட்டப்படும், தீ மூட்டப்படும், பானை ஏற்றப்படும்.

சீறா நூல்கள் போர்களையும் உடன்படிக்கைகளையும் சொல்லும் இடங்களில் நாம் நின்று வாசிக்கிறோம். அடுப்பைச் சொல்லும் இடங்களை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆனால் ஒரு சமூகம் தன் மக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய அந்த அடுப்படியைவிடச் சிறந்த இடம் வேறில்லை. யார் முதலில் உண்டார், யார் கடைசியில் உண்டார், யார் விறகின் புகையை ஏற்றார், யார் தட்டில் எலும்பு விழுந்தது என்பனவெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்த அடுப்புகளுக்கு அருகே சற்று அமர்ந்து பார்ப்போம்.

கட்டுச்சோறும் பொதுப்பையும்

பயணத்தில் மிக எளிய உணவு, தீயே தேவைப்படாத உணவுதான். பேரீச்சம்பழமும் 'ஸவீக்' என்னும் வறுத்த வாற்கோதுமை மாவும் அரேபியரின் கட்டுச்சோறு. ஸவீக்கில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் போதும்; உணவு ஆயத்தம். ஹிஜ்ரி 7-இல் கைபருக்குச் செல்லும் வழியில் ஸஹ்பா என்னுமிடத்தில் நபி (ஸல்) அவர்கள் உணவு கொண்டுவரச் சொன்னபோது, ஸவீக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. அதையே நனைக்கச் சொல்லி, தாமும் உண்டு, தோழர்களும் உண்டார்கள். பிறகு வாய் கொப்பளித்து மஃரிபுத் தொழுகைக்கு நின்றார்கள். தலைவருக்கென்று தனி உணவு அந்தப் பயணத்தில் இல்லை.

இருப்பு குறையும்போது என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியமானது. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரையை நோக்கி அனுப்பப்பட்டனர். வழியில் உணவு தீரத் தொடங்கியது. அவரவர் பையில் எஞ்சியிருந்ததை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும்படி அபூ உபைதா (ரலி) கட்டளையிட்டார்கள். சேர்ந்தது இரண்டு பை பேரீச்சம்பழம். அதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பங்கிட்டு, இறுதியில் ஆளுக்கொரு பழம் என்னும் நிலைக்கு வந்தனர். ஒரு பழம் என்ன பசியை ஆற்றும் என்று பின்னாளில் ஒருவர் கேட்டார். அதுவும் இல்லாமற்போன நாளில்தான் அதன் அருமையை உணர்ந்தோம் என்னும் பொருள்பட ஜாபிர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அதன் பின்னரே கடல் ஒரு பெருமீனைக் கரையொதுக்கியது. பதினெட்டு நாட்கள் அப்படை அதை உண்டது.

இந்நிகழ்வைச் சொல்லும்போது பெரும்பாலும் மீனைப் பற்றித்தான் பேசுகிறோம். மீன் வரும்வரை முந்நூறு பேரையும் ஒன்றாய் நிறுத்தியது அந்தப் பொதுப்பைதான். வைத்திருந்தவரும் இல்லாதவரும் ஒரே அளவு பெற்றனர். யமன் நாட்டிலிருந்து வந்த அஷ்அரீ குலத்தாரிடமும் இதே வழக்கம் இருந்தது. பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்தால், இருப்பதை எல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வர். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள், தாம் அவர்களைச் சேர்ந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் அக்குலத்தாரைப் பாராட்டினார்கள்.

கைபரில் கவிழ்க்கப்பட்ட பானைகள்

பசி எத்துணை கொடிதாயினும் பானைக்குள் எது போகிறது என்பதற்கு வரம்பு உண்டு. கைபர் வெற்றிகொள்ளப்பட்ட நாளின் மாலையில் முகாமெங்கும் தீ எரிந்தது. இத்தீக்கள் எதற்காக என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறைச்சி வேகிறது என்றனர். என்ன இறைச்சி என்று மீண்டும் கேட்டார்கள். நாட்டுக் கழுதை என்று பதில் வந்தது. பானைகளைக் கவிழ்த்து உடைத்துவிடும்படி உத்தரவாயிற்று. கொட்டிவிட்டுக் கழுவிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, அதற்கு இசைவளித்தார்கள்.

பல நாள் முற்றுகையில் களைத்த படை அது. கொதிக்கும் பானை கண்முன்னே கவிழ்வதைப் பார்ப்பது எளிதன்று. ஆயினும் கவிழ்த்தனர். பாத்திரத்தை வீணாக்காமல் கழுவிப் பயன்படுத்தக் கேட்டவரின் வேண்டுகோளும் ஏற்கப்பட்டது. உறுதியும் இலகுவும் ஒரே அடுப்படியில் அருகருகே நின்ற காட்சி இது.

அகழியோரத்து அடுப்பு

பலருக்கு உணவளித்த நிகழ்வுகளில் நம் நெஞ்சில் முதலிடம் பெறுவது ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டின் அகழ்ப்போர்க் காலத்தது. மதீனாவைக் காக்க அகழி தோண்டும் பணி நடந்தது. குளிரும் பஞ்சமும் சேர்ந்திருந்தன. நபி (ஸல்) அவர்களின் வயிற்றில் பசியின் காரணமாகக் கல் கட்டப்பட்டிருந்ததை ஜாபிர் (ரலி) கண்டார்கள். பொறுக்க இயலாமல், அனுமதி பெற்று வீட்டுக்கு விரைந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரு ஸாஉ வாற்கோதுமை, அதாவது இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. அத்துடன் ஒரு சிறு ஆட்டுக்குட்டி. அவர் ஆட்டை அறுத்தார். மனைவி வாற்கோதுமையை அரைத்தார். இறைச்சி கற்சட்டியில் ஏறியது. அடுப்புக்கற்களின் நடுவே சட்டி கொதிக்கத் தொடங்கியது.

ஜாபிர் (ரலி) அழைக்கப் புறப்பட்டபோது மனைவியார் சொன்னதன் கருத்து: அல்லாஹ்வின் தூதருக்கும் அவருடன் வருவோருக்கும் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள். ஆகவே ஜாபிர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் தனியே சென்று, சிறிதளவு உணவே உள்ளது, தாங்களும் உடன் ஓரிருவரும் வாருங்கள் என்று மெல்லச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களோ அகழியில் இருந்த அனைவரையும் அழைத்தார்கள். ஆயிரம் பேர் எழுந்து நடந்தனர்.

அந்த வீட்டில் அப்போது எழுந்த கலக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். எதிர்பார்த்ததைவிட நான்கு பேர் கூடுதலாக வந்தாலே நம் வீட்டு அடுப்படியில் எழும் கலக்கம்தான் அது. அதனிடையே கேள்வியொன்று வந்தது: உணவின் அளவைச் சொன்னீர்களா? சொன்னேன் என்றார் கணவர். அத்துடன் அந்தப் பெண்மணி அமைதியானார்.

ஒரு சட்டி இறைச்சி ஆயிரம் பேருக்குப் போதுமானது அல்லாஹ் நிகழ்த்திய அற்புதம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அற்புதம் ஓர் ஒழுங்கின் ஊடாகவே நிகழ்ந்தது. தாம் வரும்வரை சட்டியை இறக்கவும் மாவை ரொட்டியாகச் சுடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் முன்பே சொல்லியனுப்பினார்கள். வந்தவர்களை நெருக்கியடிக்காமல் நுழையச் சொன்னார்கள். உதவிக்கு ரொட்டி சுடும் இன்னொரு பெண்ணை அழைக்கச் செய்தார்கள். தம் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து, அதன்மேல் இறைச்சியை இட்டு, ஒவ்வொரு முறை எடுத்த பின்னும் சட்டியையும் அடுப்பையும் மூடினார்கள். அனைவரும் வயிறார உண்ட பின்னும் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இறுதியில் அந்த வீட்டுப் பெண்மணியிடம், நீயும் உண்பாயாக, பிறருக்கும் கொடுத்தனுப்புவாயாக, மக்கள் பசியால் வாடுகின்றனர் என்னும் கருத்தில் கூறினார்கள்.

தலைகுனிய நேருமோ என்று அஞ்சிய அந்தப் பெண்மணியின் கையிலிருந்துதான், முடிவில், அக்கம்பக்கத்துக்கும் உணவு சென்றது.

ஸரீதும் கூடுதல் தண்ணீரும்

பிய்த்த ரொட்டியின்மேல் இறைச்சியும் அதன் சாறும் சேர்ந்த உணவுக்கு 'ஸரீத்' என்று பெயர். பெருங்கூட்டத்திற்கு இதைவிடத் தோதான உணவு அன்று இல்லை. காய்ந்துபோன ரொட்டியும் சாற்றில் ஊறி மென்மையாகிவிடும். இறைச்சி குறைவாக இருந்தாலும் அதன் சுவை சாற்றின் வழியே ஒவ்வொரு துண்டையும் சென்றடையும். தனித்தனித் தட்டுகள் வேண்டா. பல் இல்லாத முதியவரும் குழந்தையும் உண்ணலாம். நபி (ஸல்) அவர்களின் கொள்ளுப்பாட்டனாருக்கு ஹாஷிம் என்ற பெயர் வந்ததே இந்த உணவால்தான் என்பர் வரலாற்றாசிரியர்கள். அவருடைய இயற்பெயர் அம்ர். பஞ்சகாலத்தில் மக்கா மக்களுக்கு ரொட்டியை நொறுக்கி ஸரீத் சமைத்து அளித்ததால் 'நொறுக்குபவர்' என்று பொருள்படும் பெயர் நிலைத்தது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களிடம் 'கர்ரா' என்று பெயரிடப்பட்ட பெரும் கலம் ஒன்று இருந்தது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். முற்பகல் தொழுகைக்குப் பின் அதில் ஸரீத் ஆயத்தமாகும். மக்கள் சுற்றி அமர்வர். கூட்டம் பெருகி இடம் நெருக்கமானபோது நபி (ஸல்) அவர்கள் முழந்தாளிட்டு ஒடுங்கி அமர்ந்தார்கள். இது என்ன அமர்வு என்று ஒரு நாட்டுப்புறத்தார் வியந்து கேட்டார். தம்மை அல்லாஹ் கண்ணியமான அடியாராக ஆக்கினான், அகந்தைமிக்க கொடுங்கோலராக ஆக்கவில்லை என்று விடை வந்தது. கலத்தின் ஓரங்களிலிருந்து உண்ணுமாறும், நடுவை விட்டுவைக்குமாறும், அதில் பரக்கத் உண்டு என்றும் சொன்னார்கள்.

அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறிய அறிவுரை நாம் அனைவரும் அறிந்ததே: குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டு, அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள் என்பது அதன் கருத்து. கூட்டச் சொன்னது இறைச்சியை அன்று, தண்ணீரை. வறியவரும் நிறைவேற்றக்கூடிய கட்டளை இது. கொடுக்கும் பாக்கியத்தைச் செல்வந்தருக்கு மட்டும் உரியதாக்காமல், ஒரு குவளைத் தண்ணீர் கூட்ட முடிந்த எவருக்கும் அது திறந்துவிட்டது.

கலீஃபா ஊதிய அடுப்பு

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் ஓர் இரவு. ஊழியர் அஸ்லமுடன் மதீனாவுக்கு வெளியே சென்றபோது தொலைவில் ஒரு தீ தெரிந்தது. குளிருக்கும் இருளுக்கும் ஒதுங்கிய ஒரு பெண். சுற்றிலும் அழும் குழந்தைகள். தீயின்மேல் ஒரு பானை. நெருப்புக்குரியவர்களே என்று அழைக்க மனமின்றி, வெளிச்சத்துக்குரியவர்களே என்று உமர் (ரலி) அவர்கள் ஸலாம் கூறி நெருங்கினார்கள். பானையில் இருந்தது வெறும் தண்ணீர். குழந்தைகள் உறங்கும்வரை அவர்களைத் தேற்றவே அது கொதித்துக்கொண்டிருந்தது. வந்திருப்பவர் யாரென்று அறியாத அப்பெண், கலீஃபாவின்மீது இறைவனிடம் முறையிட்டாள்.

உமர் (ரலி) அவர்கள் மாவுக்கிடங்குக்கு ஓடி, ஒரு மூட்டை மாவையும் கொழுப்பையும் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். நான் சுமக்கிறேன் என்ற அஸ்லமிடம், மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்டார்கள். பிறகு தாமே பானையடியில் ஊதினார்கள். தாடியின் ஊடே புகை வெளிவந்ததை அஸ்லம் நினைவுகூர்கிறார். மாவும் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் களியைத் தட்டில் பரப்பி ஆற்றிக் கொடுத்து, குழந்தைகள் சிரித்து விளையாடி உறங்கியதைப் பார்த்த பின்னரே திரும்பினார்கள். அது உலகின் மிக எளிய சமையல், மூன்றே பொருள்கள்.

ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) வந்த 'சாம்பல் ஆண்டு' எனப்படும் கடும் வறட்சியில் இதுவே ஓர் அரசின் பணியாக விரிந்தது. நாட்டுப்புறத்து மக்கள் மதீனாவைச் சூழ்ந்து தங்கினர். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தானியம் அனுப்பினார்கள். பெரும் பானைகள் ஏற்றப்பட்டன, ஒட்டகங்கள் அறுக்கப்பட்டன, எண்ணெய் கலந்த ஸரீத் பரிமாறப்பட்டது. ஒரு நாள் ஒட்டகத்தின் திமிலும் ஈரலும் கலீஃபாவுக்கென்று தனியே எடுத்துவைக்கப்பட்டிருந்தன. நல்லதை நான் உண்டு எலும்பை மக்களுக்கு விட்டால் நான் எத்தகைய கெட்ட தலைவன் என்று கூறி அதை விலக்கி, ரொட்டியும் எண்ணெயும் கேட்டார்கள் உமர் (ரலி). மக்களுக்கு மழை கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று உறுதிபூண்டார்கள். அவர்களுடைய வெண்ணிற மேனி அவ்வாண்டில் கறுத்துப்போனதை மக்கள் கண்டனர்.

பானை ஊர் ஊராகச் சென்றது

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பானை பல ஊர்களில் நிலையாக அமர்ந்தது. 1047-இல் பாலஸ்தீனம் வழியே பயணித்த நாஸிர் குஸ்ரவ், இப்ராஹீம் (அலை) அவர்களின் நகரான அல்கலீலில் வருவோர் அனைவருக்கும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயில் சமைத்த பருப்பும் உலர்திராட்சையும் வழங்கப்பட்டதைப் பதிவுசெய்துள்ளார். ஜெருசலத்தில் சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் 1552-இல் நிறுவிய அன்னசாலையில் நாள்தோறும் கஞ்சியும் ரொட்டியும் வழங்கப்பட்டன. உதுமானியரின் ஜானிஸரிப் படையில் ஒரு பிரிவின் தலைவருக்கே 'சோர்பாஜி', அதாவது கஞ்சிக்காரர், என்று பட்டம். தன் வீரர்களின் பசிக்குப் பொறுப்பேற்பவரே தலைவர் என்னும் எண்ணம் அப்பட்டத்தில் படிந்திருக்கிறது.

கோதுமையையும் இறைச்சியையும் ஒரே பானையில் குழைய வேகவைத்து மசிக்கும் 'ஹரீஸா'வும் இவ்வகையினதே. பத்தாம் நூற்றாண்டு பக்தாதின் சமையல் நூலில் இடம்பெற்ற அவ்வுணவு, ஹள்ரமௌத்திலிருந்து நிஜாமின் படையில் சேர வந்த அரபியரோடு ஹைதராபாத்தின் பார்க்கஸ் பகுதிக்கு வந்தது. இன்றும் அங்கே ஹரீஸ் கிடைக்கிறது. வளைகுடா நாடுகளின் ஹரீஸ் சமையலை 2023-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

நம் தமிழ் மண்ணில் அந்த இடம் நோன்புக் கஞ்சிக்கு உரியது. லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் பின்கட்டில் விறகடுப்பு மூட்டப்படும். தேக்சாவில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, பட்டை, புதினா, கொத்தமல்லி, வாய்ப்பிருந்தால் சிறிது கொத்துக்கறி, இறக்கும்போது தேங்காய்ப்பால். அஸருக்குள் கஞ்சி ஆயத்தம். தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பவரிடம் வசதியையோ மதத்தையோ எவரும் கேட்பதில்லை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நால்வர் ஐவராக ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கமும், கர்ராவைச் சுற்றி அமர்ந்தவர்களை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் அடுப்படி

இந்த அடுப்புகள் அனைத்திலும் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. பலருக்கு உணவளித்தவர்கள் எளிமையாகச் சமைத்தனர். எளிமையாகச் சமைத்ததால்தான் பலரையும் அழைக்க முடிந்தது.

இன்று நம்மிடையே விருந்தின் அகலம் குறைந்து, உயரம் கூடிவிட்டது. ஏழெட்டு வகை உணவு இல்லாமல் அழைப்பது கண்ணியக் குறைவு என்று ஆகிவிட்டது. அதனால் நடுத்தரக் குடும்பம் கடன்படுகிறது. வறிய குடும்பம் யாரையும் அழைக்காமலே இருந்துவிடுகிறது. திருமண மண்டபத்தின் பின்புறம் கொட்டப்படும் பிரியாணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் எழுந்த அதே அச்சம்தான் இதன் அடியில் இருக்கிறது: சபையில் தலைகுனிய நேருமோ? அங்கே அந்த அச்சத்தை வென்றது உணவின் அளவன்று. இருப்பதை உள்ளபடி சொல்லிவிட்ட உண்மையும், அதற்குப் பின் வந்த தவக்குலும்.

2015 பெருவெள்ளத்தின்போது சென்னையில் பள்ளிவாசல்கள் பலவற்றில் அடுப்பு மூட்டப்பட்டு, தண்ணீர் சூழ்ந்த தெருக்களுக்கு உணவு சென்றது. அப்போது எவரும் வகைகளை எண்ணவில்லை. சூடான சோறு போதுமாக இருந்தது. பேரிடர் நாளில் இயல்பாக வந்த அந்த எளிமையைச் சாதாரண நாளிலும் நாம் கைக்கொள்ளலாம்.

அதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டியதில்லை. ஆளுக்கொரு பிடி என்று, ஐம்பது பேருக்கு இரண்டரை கிலோ அரிசியும் அரை கிலோ பாசிப்பருப்பும் போதும். ஒரு படி அரிசிக்கு எட்டு முதல் பத்துப் படி தண்ணீர். காற்றுக்கு மறைவான இடத்தில் மூன்று கற்களை அசையாமல் ஊன்றி, முதலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசியையும் பருப்பையும் இட வேண்டும். கொதி வந்ததும் விறகைப் பின்னிழுத்துத் தணலில் வேகவிட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். மதரஸா மாணவர்களின் சுற்றுலாவுக்கும், ஜமாஅத்தின் பொதுப்பணி நாளுக்கும், தெருவாரோடு அமரும் ஒரு மாலைக்கும் இது தாராளமாகப் போதும். ஆள் கூடினால் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம். அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அழைப்புப் பட்டியலில் தெருக்கோடியின் அந்த ஒரு வீட்டை விடாமல் சேர்த்துக்கொள்வோம். பரிமாறியவர் கடைசியில் உண்ணட்டும்.

நம் அடுப்புகளில் பரக்கத்தையும், நம் வாசல்களில் விருந்தினரையும், நம் உள்ளங்களில் தாராளத்தையும் வல்ல ரஹ்மான் நிறைத்தருள்வானாக! ஆமீன்.